மேலண்ணத்தில் குடித்தனம்

ஜூலை 3, வியாழன்

"தினமும் என்ன சாப்பிட்டீங்க, எது எரிஞ்சுதுன்னு எழுதிட்டு வாங்கம்மா" என்று பல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எப்சிபா சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

இன்று எரிந்தவை: தக்காளிச் சட்னி, ரசம், சூடு ஆறிய காபி. எரியாதது: தயிர்சாதம்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு வரியில் நிறுத்துவது எனக்கு வழக்கமில்லை. நான் பட்டிமன்றப் பேச்சாளர். கரூரில் ஒரு வாசகர் வட்டம் கொடுத்த பட்டத்தோடு சேர்த்து, சுவரொட்டிகளில் 'நாவரசி செங்கமலம், கோவை' என்றுதான் போடுவார்கள். அந்த நாவரசிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அதே கரூர் மேடையில் 'அழகு' என்ற சொல் வரவில்லை. நாக்கு மேலே போய் அண்ணத்தை அழுத்தியதும் தீக்குச்சி உரசியதுபோல் எரிந்தது. 'வனப்பு' என்று மாற்றிச் சொல்லித் தப்பித்தேன். என்ன சொல்நயம் என்று கை தட்டினார்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கதவு தாழிட்டுத்தான் இருக்கிறது. என் மேல்வரிசைப் பற்கள் பல்செட்டு. ஈறு கெட்டு எல்லாம் ஆடிப்போய், போன சித்திரையில் மொத்தமாக எடுத்துவிட்டு அன்றைக்கே செட்டு மாட்டினார்கள். வீக்கம் வடியும்வரை திருப்பூரில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் அவிநாசியப்பனுக்கு நான் பல் கட்டிக்கொண்டது தெரியும். செட்டு இல்லாத என் முகத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 9, புதன்

டாக்டர் எப்சிபா கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "அச்சு எடுத்த மாதிரி இருக்கும்மா. செட்டு எங்கெங்க உக்காருதோ அங்கெல்லாம் செவப்பு. ஓரத்துல ஒண்ணுமே இல்ல" என்றார். பூஞ்சையாம். ஈஸ்ட் வகை.

"நான் ரொட்டிகூடச் சாப்பிடறதில்லீங்களே டாக்டர்."

"அது ரொட்டி ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். இது நோய் பண்ற சாதி. ராத்திரி செட்டைக் கழட்டித் தண்ணில போட்டுடறீங்கதானே?"

"கட்டாயமாங்க."

கழற்றுவதில்லை என்று யார் சொன்னது? தினமும் விடியற்காலையில் குளியலறையில் கழற்றிக் கழுவிப் போட்டுக்கொள்கிறேன். விடியற்காலையும் ராத்திரியின் வாலில்தானே இருக்கிறது.

மஞ்சளாக ஒரு மருந்து கொடுத்தார். வாயில் விட்டுச் சுழற்ற வேண்டும். அப்புறம் பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ரஹ்மத்நிஷா. பல்செட்டுக்காரர்களின் வாயில் வளரும் பூஞ்சையைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறாளாம். என் அண்ணத்தையும் செட்டின் உட்புறத்தையும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"என் பேரு வெளிய வருமா?" என்றேன்.

"வராதும்மா. நீங்க எனக்கு கே பதினொண்ணு. அவ்வளவுதான்."

நிம்மதியாக இருந்தது. நாவரசிக்கு வெறும் எண்ணா என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

ஜூலை 16, புதன்

என் பூஞ்சையைக் கண்ணால் பார்த்தேன். வட்டமான தட்டில் ஊதா நிறத்தில் கடுகு கொட்டினதுபோல் புள்ளிகள்.

"இத்தனையுமா என் வாயில?"

"இது கொஞ்சம்மா. நீர்த்துவிட்டுத்தான் வளர்த்தேன். ஒரு புள்ளிக்குள்ளயே லட்சக்கணக்குல இருக்கும்."

நிஷா வேகமாகப் பேசுகிறாள். ஆனால் புரியும்படி பேசுகிறாள். மேடையேறினால் எனக்கே போட்டிதான். பூஞ்சைக்குக் காலும் கிடையாது, பல்லும் கிடையாது. எங்கேயாவது ஒட்டிக்கொண்டால்தான் பிழைப்பு. ஒட்டாவிட்டால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அதனால் அதன் மேல்தோலில் சின்னச்சின்னக் கைகள் மாதிரிப் புரதங்கள் முளைத்திருக்கின்றனவாம். அந்தக் கைகளைச் செய்யச் சொல்லும் ஜீன்கள் ஒரு பெரிய குடும்பம். ஈ.பி.ஏ. என்று பெயர். ஒன்று, ஆறு, ஏழு என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் தோலைப் பிடிக்க ஒரு கை, பிளாஸ்டிக்கைப் பிடிக்க ஒரு கை.

"எல்லாக் கையையும் எப்பவும் நீட்டாதும்மா. பாதி ஜீன் தூங்கிட்டேதான் இருக்கும். சாப்பாடு கொறைஞ்சா, எடம் மாறினா, தூங்கறது எந்திரிச்சுக்கும்."

"எங்க நாத்தனார் வீட்டுப் பங்காளிக மாதிரி. ஆளுக்கு நோவுன்னா வரமாட்டாங்க, சொத்துன்னா எந்திரிச்சு வந்துருவாங்க."

நிஷா சிரித்ததில் முகக்கவசம் நழுவிவிட்டது. இதை ஒரு மேடையில் உபயோகிக்க வேண்டும். ஆனால் எப்படித் தொடங்குவது? 'என் பல்செட்டில்' என்றா?

ஜூலை 19, சனி

எரிந்தவை: எல்லாம்.

நான் ஒன்றும் சொல்லாமலேயே அவர் மதியத்துக்கு ராகிக்களி கிண்டி, மோர் விட்டு வைத்திருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு சமையலில் ஆர்வம் வந்திருக்கிறது. ஆனால் காரமே போடமாட்டேன் என்கிறார். "வயசாச்சில்ல அம்மிணி, எனக்கு ஒத்துக்கறதில்ல" என்கிறார். நேற்று தெருமுனைக் கடையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டதைப் பார்த்தேன்.

இன்னொரு புதுப் பழக்கம். நான் படுக்க வருமுன்பே விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். முன்பெல்லாம் விளக்கு எரிய, ஊர்க்கதை பேசிக்கொண்டு கிடப்போம். ஒருவேளை நான் பேசுவது அவருக்குச் சலித்துவிட்டதோ என்னவோ.

ஜூலை 30, புதன்

என் பூஞ்சை முதலிடம்!

பல்செட்டு செய்யும் அதே பொருளில் சின்னச் சதுரத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொருவர் பூஞ்சையையும் அவற்றின்மேல் ஊற்றிவிட்டு, பிறகு தண்ணீரில் அலசி, எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று எண்ணுகிறாள் நிஷா. அவள் இதுவரை சேகரித்த எல்லாரையும்விட என்னுடையதுதான் அதிகம் ஒட்டுகிறதாம்.

"உங்களுது கும்பல்ல மொதோ ஆளும்மா. ஒண்ணாம் நம்பர் ஜீனை வெட்டி எடுத்துட்டேன். அப்பவும் விடல. தூங்கிட்டிருந்த இன்னொண்ணு எந்திரிச்சு அந்த வேலையைப் பாக்குது."

பேருந்தில் வரும்போது பக்கத்து இருக்கைக்காரம்மா தன் மகன் மாநில அளவில் மூன்றாம் இடம் வந்ததைச் சொன்னார். என்னால் பதிலுக்கு எதையும் சொல்ல முடியாமல் போனதுதான் குறை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானியில் பேச்சு. எலுமிச்சைச் சாதம் என்னைப் பார்த்தது. நான் ஆற்றைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சிவப்பு குறையவில்லை. டாக்டர் மருந்தைத் தொடரச் சொன்னார். நிஷாவுக்குத்தான் பெரிய குழப்பம். தன் மேசை முன்னால் என்னை உட்காரவைத்து விரல்விட்டுச் சொன்னாள்.

"பாருங்கம்மா. தட்டுல இந்த மருந்தைப் போட்டா உங்க பூஞ்சை சமத்தாச் செத்துருது. சரியா? துண்டுல ஒட்டவெச்சு ராத்திரி பூரா ஊறப் போட்டா, பிடி தளர்ந்து நெறைய உதுந்துருது. சரியா? ஆனா உங்க வாயில மருந்தும் விடறீங்க, ராத்திரி ஊறவும் போடறீங்க, அப்பவும் அசையமாட்டேங்குது. ஏன்?"

"ஏன்?" என்றேன் நானும்.

"உங்க எச்சில்ல என்னமோ இருக்குது. அதுதான் இன்னும் ரெண்டு கையை எழுப்பிவிடுது. நீங்க ஒண்ணு பண்ணணும். அடுத்த வாரம் வர்றப்ப, ராத்திரி செட்டு ஊறின தண்ணியை இந்த பாட்டில்ல ஊத்திக் கொண்டாங்க. எவ்வளவு உதுந்திருக்குன்னு எண்ணிப் பாத்துருவோம்."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் அவர் பால் வாங்கப் போன நேரத்தில் செட்டைக் கழற்றி, சட்னிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் போட்டேன். அவர் திரும்பும் செருப்புச் சத்தம் கேட்டதும் எடுத்து மாட்டிக்கொண்டேன். தண்ணீரை நிஷாவின் பாட்டிலில் ஊற்றினேன். ஊறின தண்ணீர்தானே கேட்டாள்? ஊறியிருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நிஷாவிடமிருந்து தொலைபேசி. குரல் துள்ளியது.

"அம்மா! ஏறக்குறைய ஒண்ணுமே உதுரலம்மா! ராத்திரி பூரா ஊறியும் பிடி விடலை. நான் சொன்னேன்ல, உங்க எச்சில்தான்!"

"அப்படியா கண்ணு" என்றேன்.

கொடியேற்றத்துக்குக் கொடுத்த மிட்டாய் மேசைமேல் இருக்கிறது. தின்னப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நிஷா எனக்காகக் கேன்டீனில் ஆறவைத்த பால் வாங்கி வைத்திருந்தாள். தன் பேராசிரியரிடம் எச்சில் விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். உண்மையானால் அது ஆய்வேட்டில் பெரிய அத்தியாயமாகுமாம். ஆனால் முடிக்க அடுத்த ஆடி ஆகிவிடும்.

"அப்ப இந்த வருசம் ஏடு குடுக்கலையா?"

"இல்லம்மா. டிசம்பருக்குள்ள குடுத்துட்டா பாலக்காட்டுப் பக்கம் ஒரு காலேஜ்ல வேலை தர்றதாச் சொல்லியிருந்தாங்க. அது போகட்டும். வேலை வேற வரும். இந்த மாதிரி ஒரு ஆளு எனக்கு இன்னொருக்கா கெடைப்பாங்களா?"

என்னைத்தான் சொன்னாள். என் கையைப் பிடித்து வேறு சொன்னாள்.

ஆயிரம் பேர் முன்னால் மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். ஒருத்தி முன்னால் நாலு சொல் பேச முடியவில்லை. "நான் ராத்திரி கழட்டறதே இல்ல" என்பது நாலே சொல்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். உண்மையிலேயே ராத்திரி கழற்றி, உண்மையான தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்து, சொல்லிவிடுவது. இதில் அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. சதுர்த்திக்குப் பேச்சு தயாரிக்க வேண்டும், சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும், உங்களுக்குத் தூக்கம் கெடும் என்று சொல்லிப் பின்னறையில் பாய் விரித்துக்கொண்டேன்.

"செரி" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதை மறந்துவிட்டேன். கழற்றாமலே படுத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

அவர் மூக்கின்மேல் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டிக்கொண்டு காப்பி கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? அடிபட்டுதா?"

"கொறட்டைக்கு மருந்துக்கடையில குடுத்தாங்க அம்மிணி. ராத்திரி பூரா ஒட்டிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. நீ இனி முன்னறைக்கே வந்துக்கலாம்."

நான் அடுக்களைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரங்களையே.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. சூலூரில் மேடை. 'குடும்பத்தைத் தாங்குவது அன்பா, சிக்கனமா?' நான் அன்பு அணி. பேசிவிட்டு வந்தேன். எப்படிப் பேசினேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

மதியம் அவர் மாவு அரைக்க மெஷினுக்குப் போயிருந்தார். மின்சாரம் இல்லாவிட்டால் காத்திருந்துதான் வருவார். பின்னறையில் படுத்து, செட்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஒரு குட்டித் தூக்கமாவது கழற்றிவைத்துத் தூங்கிப் பழகலாம் என்று பார்த்தேன். வாய் காலியாக இருப்பது எவ்வளவு சுகம்! அசந்தே போய்விட்டேன்.

கண் விழித்தால் எதிரே அவர். ஒரு கையில் மாவுத்தூக்கு. கண் கிண்ணத்தின்மேல் போய்விட்டு என் முகத்துக்கு வந்தது. நான் சேலைத் தலைப்பால் வாயை மூடுவதற்குள், வெடித்துச் சிரித்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குக் கோபத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. "என்ன திரிப்பு?" என்று கத்தினேன். சிரிப்பு என்பது திரிப்பு என்று வந்ததும் அவருக்கு இன்னும் தாங்கவில்லை.

"எங்க மாமனாட்டவே இருக்கறே அம்மிணி! அப்படியே எங்க பெரிய மாமன்!"

என் அப்பா அவருக்குத் தாய்மாமன். கடைசிப் பத்து வருஷம் அப்பாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. செட்டு கட்டச் சொன்னால் கேட்கமாட்டார். பொக்கை வாயோடு கரும்பு தின்பேன் என்று பந்தயம் கட்டுவார். தகப்பன் இல்லாமல் வளர்ந்த அவிநாசியப்பனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், மின்வாரிய வேலைக்கு மனுப் போடவைத்ததும், தன் மகளைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அப்பா போன அன்று என்னைவிட அதிகம் அழுதவர் இவர்.

பக்கத்தில் உட்கார்ந்து, தலைப்பை விலக்கி, இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"எத்தனை வருசமாச்சு மாமனைப் பாத்து" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எரிச்சல், பூஞ்சை, நிஷா, சட்னிக் கிண்ணம் எல்லாவற்றையும். பாதிச் சொற்கள் காற்றாகத்தான் போயின. அவருக்குப் புரிந்தது.

"அடக் கூறுகெட்டவளே. உனக்குக் கழட்டித் தொடைக்கத் தோதா இருக்கட்டும்னுதானே நான் முந்தியே லைட்டை அணைச்சுட்டுச் செவுத்தப் பாத்துப் படுத்தேன்? நீ என்னடான்னா அதை மாட்டிக்கிட்டேவா தூங்கினே?"

"உங்களுக்கு எம் பேச்து தலித்துருச்சுன்னு நெனைச்தேன்."

"தலிக்கல" என்றார். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. மாவில் எறும்பு ஏறியதைச் சாயங்காலம்தான் பார்த்தோம்.

செப்டம்பர் 3, புதன்

உண்மையான தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். முழு ராத்திரி ஊறியது. அவரே கிண்ணத்தை மூடிவைத்து, காலையில் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "சொல்லிப்போடு. சுத்தி வளைக்காதே" என்று பேருந்து நிறுத்தம்வரை வந்து சொன்னார்.

சுற்றி வளைக்கவில்லை. நிஷா முகக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நிஷா, நான் ராத்திரி செட்டைக் கழட்டினதே இல்ல. அன்னைக்குக் கொண்டுவந்தது கொஞ்ச நேரம் நனைச்ச தண்ணி. இதுதான் நெசம்."

அவள் கவசத்தைப் பாதியில் நிறுத்தினாள். ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப எச்சில்?"

"எச்சில்ல ஒண்ணும் இருக்காது கண்ணு. நான் சொன்ன பொய்தான் இருக்கும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாட்டிலை வாங்கி மேசைமேல் வைத்தாள். தேதி எழுதினாள். "எங்க சார்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க போங்கம்மா. தேவைப்பட்டாக் கூப்பிடறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

எரிந்தவை: ஒன்றுமில்லை.

நிஷா கூப்பிடவில்லை.

செப்டம்பர் 17, புதன்

டாக்டர் எப்சிபா கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு, "அட, பாதிக்கு மேல போயிருச்சே! மருந்து இப்பத்தான் கேக்குது போல" என்றார். அவரிடமும் சொல்லிவிட்டேன். கோபிக்கவில்லை. "முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்யறாங்கம்மா. ஒருத்தரும் வந்து சொல்றதில்ல" என்றார்.

பக்கத்து அறை பூட்டியிருந்தது. கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். அவள் நாற்காலியின் முதுகில் வெள்ளைக் கோட்டு தொங்கியது.

செப்டம்பர் 18, வியாழன்

தக்காளிச் சட்னியே சாப்பிட்டேன். எரியவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "அந்தப் புள்ளைக்கு நீயே போன் போட்டா என்ன?" என்றார் அவர். என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. நாவரசியான நான் இதை எழுதுகிறேன்!

செப்டம்பர் 22, திங்கள்

கூப்பிட்டாள். "நாளைக்கு வரமுடியுமாம்மா? ஒண்ணு காட்டணும்." குரலில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று அவரும் நானும் ஒரு மணி நேரம் விவாதித்தோம். இருக்கிறது என்றார் அவர். கொஞ்சமாக இருக்கிறது என்றேன் நான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொஞ்சம்தான் இருந்தது. அதையும் முதலிலேயே இறக்கிவைத்துவிட்டாள்.

"ஒரு மாசம் உங்க எச்சிலுக்குப் பின்னால அலைஞ்சேம்மா. வீட்டுல புள்ளைங்களைக்கூடச் சரியாக் கவனிக்கல. ரெண்டு நாள் உங்க மேல அப்படி ஒரு ஆத்திரம். மூணாம் நாள்தான் எனக்கே உறைச்சுது. நீங்க வாயால சொன்னதை நான் அப்படியே நம்பிட்டேன். ஒரு நாள்கூட சோதிச்சுப் பாக்கல. பதில் புதுசா இருந்துச்சா, அதுல மயங்கிட்டேன்."

"நீ ஏன் கண்ணு உம் மேல போட்டுக்கற? தப்பு என்னுது."

"உங்களுதுதான். என்னுதும் கொஞ்சம் இருக்குது."

பிறகு தட்டுகளை எடுத்துக் காட்டினாள். முழு ராத்திரி ஊறின தண்ணீரின் தட்டில் ஊதாப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாக இருந்தன. அத்தனையும் உதிர்ந்தவை. எச்சில் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டாளாம். பேராசிரியர், "டிசம்பருக்குள் கொடுத்துவிடலாம், நல்லதாகப் போயிற்று" என்றாராம்.

"ஏடு சின்னதாப் போச்சும்மா. ஆனா இருக்கறது நெசம்" என்றாள்.

"சரி, என்னமோ காட்டணும்னியே?"

நுண்ணோக்கி முன்னால் என்னை உட்காரவைத்தாள். முதல் சதுரத் துண்டில் முத்துமுத்தாகக் குவிந்து கிடந்தன. என்னுடையவை, வெட்டாதவை. இரண்டாவதில் ஒண்ணாம் நம்பர் ஜீனை மட்டும் எடுத்தவை. அதிலும் கும்பல்தான். மூன்றாவதை வைத்தாள். வெறும் வெளிச்சம். தேடித் தேடிப் பார்த்ததில் ஓரத்தில் ஒன்றிரண்டு தெரிந்தன.

"இதுல ஒண்ணாம் நம்பரும் இல்ல, ஆறாம் நம்பரும் இல்ல. பிளாஸ்டிக்கைப் புடிக்கற வேலையை ஆறுதான் பாத்திருக்குது. ஒரு அலசுல எல்லாம் போயிருச்சு. வேற எதுவும் மாறல. தட்டுல நல்லா வளருது, சாப்பிடுது, பெருகுது. ஒட்ட மட்டும் முடியல. நாலு வருசமாக் காத்திருந்தது இதுக்குத்தாம்மா. உங்களுதுலதான் மொதல்ல சுத்தமாத் தெரிஞ்சுது. அத்தனை ஒட்டறதாலதான் போனது பளிச்சுன்னு தெரியுது."

நான் கண்ணை எடுக்கவேயில்லை. அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் 8, புதன்

போன வாரம் எடுத்த கடைசிப் பஞ்சுக்குச்சி. தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. "உங்க வாயில எனக்கு இனி வேலையில்லம்மா" என்றாள் நிஷா. என் பூஞ்சை மட்டும் அவளுடைய குளிர்பெட்டியில், கே பதினொண்ணு என்ற பெயரோடு உறைந்து கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை அவள் தன் ஆய்வைத் துறையில் எல்லார் முன்னாலும் வைக்கிறாளாம். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். "ஐயாவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளி

எங்கள் மகன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை அவர் போட்டுக்கொண்டார். நான் பட்டுச்சேலை. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

நிஷா நன்றாகப் பேசினாள். திரையில் அந்த மூன்று துண்டுகளின் படம் வந்தபோது நான் அவர் கையைக் கிள்ளினேன். "அது நம்முளுதா?" என்று காதில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். படத்தின் கீழே சின்ன எழுத்தில் கே பதினொண்ணு என்று இருந்தது.

வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர்கள் ஏதேதோ கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு தலைவர், "வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்றார். வாயைத் திறப்பதில்லை என்று நான் வீட்டிலேயே சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தேன். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பார்த்தால், அவர் எழுந்து நிற்கிறார். எங்கள் கல்யாணத்திலேயே நாலு வார்த்தை பேசாத மனுஷர்.

"எனக்கொரு சந்தேகமுங்க."

ஒலிவாங்கி நீட்டினார்கள். அதை வேண்டாமென்று தள்ளினார். மின்கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்பவனோடு பேசிப் பழகிய குரல் அது. கூடம் முழுக்கக் கேட்டது.

"இந்தக் கையை எடுத்துப்போட்ட பூஞ்சை இருக்குதுங்களே, அது வாயில ஒட்டாதுங்க, செட்டுல ஒட்டாதுங்க, செரி. அதுக ஒண்ணையொண்ணாச்சும் புடிச்சுக்குமுங்களா? இல்ல, தனித்தனியாவேதான் கெடக்குமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நிஷா திரையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது துண்டின் ஓரத்தில் ஒன்றிரண்டு, தள்ளித் தள்ளிக் கிடந்தன.

"நான் அதைப் பாக்கவே இல்லீங்க ஐயா" என்றாள். "பாக்கணும்."

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். தலைவர், "நல்ல கேள்வி. ஏட்டைச் சமர்ப்பிப்பதற்குள் முடிந்தால் செய்து பாருங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் நிஷா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவருக்கு வெட்கத்தில் காதெல்லாம் சிவந்துவிட்டது. பேருந்தில், "எங்கிருந்து புடிச்சீங்க அந்தக் கேள்வியை?" என்றேன். "படத்தைப் பாத்தேன், பாவமா இருந்துச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். அவர் விளக்கை அணைக்கவில்லை. பூஞ்சைக்குப் பூஞ்சை கை கொடுக்குமா கொடுக்காதா என்று படுத்துக்கொண்டே பேசினோம். கொடுக்கும் என்று அவர் கட்சி. கொடுக்காது என்று வேண்டுமென்றே நான். அதிகம் பேசியது அவர்தான்.